ஏடெடுத்த பால்

வேப்பந்தட்டையில் மாலைப் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுபோகிற நேரம் ஐந்து மணி. உபதேசியார் நாலரைக்கே கறந்து முடித்து, தூக்குவாளியைத் திண்ணையோரம் வைத்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு உட்கார்வார். அந்த அரைமணிதான் எனக்குப் பாடவேளை. முப்பது வருஷம் சுற்றுப்பட்டிக் கிராமங்களில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்துபோன காலத்தில் மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்தியவர், கல்யாண ஓலை வாசித்தவர், சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நின்றவர். இப்போது இரண்டு மாடு, ஒரு மூக்குக்கண்ணாடி, அட்டை கிழிந்த ஒரு வேதாகமம்.

எங்கள் பேச்சைக் குரு, சீடன் என்று பிரித்து எழுதப்போகிறேன் என்றதும் சிரித்தார். "நம் பக்கத்தில் குரு என்றால் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருதான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு ஐந்து சீடர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். நீ எவன் என்று முதலில் முடிவுசெய்துகொள்" என்றார். முடிவு செய்யாமலே எழுதுகிறேன். பேசியது தை மாதம், மக்காச்சோளம் சாலையில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில்.

சீடன்: ஐயா, போன வாரம் ஒரு கல்லூரியில் சமய நல்லிணக்கக் கூட்டம். கிறிஸ்தவர் பக்கத்திலிருந்து பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். "எல்லா ஆறும் ஒரே கடலில்தான் கலக்கிறது என்று முடித்துவிடு தம்பி, எடுப்பாக இருக்கும்" என்றார் கூட்டம் நடத்தியவர். அப்படியே முடித்தேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை.

குரு: பொய் சொன்னாயா?

சீடன்: பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் நம்புவதைச் சொல்லவில்லை. சிலுவையில் செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்று நம்புகிறேன். அதை விட்டுவிட்டு அன்பு, சமாதானம் என்று பத்து நிமிஷத்தை நிரப்பினேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் சபை முகம் சுளித்திருக்கும்.

குரு: சுளித்ததா, சுளிக்கும் என்று நீ நினைத்தாயா?

சீடன்: நினைத்தேன்.

குரு: இந்த ஊரில் நாற்பது வருஷமாக மாரியம்மன் தேருக்கு வடம் பிடிக்கிற ஒருவர் என் சிநேகிதர். அவர் ஒருநாள் கேட்டார், "செத்தவர் நிஜமாகவே எழுந்தாரா, இல்லை கதைக்குச் சொல்கிறீர்களா?" என்று. நிஜமாகத்தான் நம்புகிறேன் என்றேன். "சரி, அப்படியானால் பேசலாம்" என்று உட்கார்ந்தார். கதை என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு என்னிடம் பேச ஒன்றும் இருந்திருக்காது. தன் சாமியை நிஜமாக நம்புகிறவனுக்கு இன்னொருவனுடைய நம்பிக்கை அச்சம் தராது. கூட்டத்தில் பயந்தவன் நீ. அந்தப் பயத்தை எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் வைத்துவிட்டாய். அவர்களுக்கு நீ செய்த மரியாதை அவ்வளவுதான்.

சீடன்: அப்படியானால் கறாராகப் பேசவேண்டும். பந்தலில் மைக் பிடித்து அடுத்தவர் சாமியைக் கல் என்றும் பேய் என்றும் சொல்கிறார்களே சில போதகர்கள், அவர்கள்தான் தண்ணீர் கலக்காதவர்களா?

குரு: அவர்களும் கைதட்டலுக்குத்தான் பேசுகிறார்கள். கூட்டம் வேறு, அவ்வளவுதான். நீ எதிர்வரிசைக்குப் பயந்து குறைத்தாய். அவர்கள் சொந்த வரிசையைக் குளிர்விக்கக் கூட்டுகிறார்கள். ஆண்டவர் தம் மாம்சத்தைப் பற்றிப் பேசியபோது சீடர்களில் பலபேர் 'இது யார் காதில் ஏறும்' என்று எழுந்து போய்விட்டார்களே, அங்கே அவர் என்ன செய்தார்? போனவர்களைத் திட்டவும் இல்லை, சொன்னதை மாற்றிக்கொண்டு பின்னால் ஓடவும் இல்லை. மிச்சமிருந்த பன்னிரண்டு பேரிடம் நீங்களும் போகிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறதா பார். எனக்குத் தெரிந்து இல்லை.

(இங்கே கொஞ்ச நேரம் பேச்சு நின்றது. கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு வாளிப் பக்கம் வந்துவிட்டது. அதைக் கட்டிவிட்டு வந்து அவரே தொடங்கினார்.)

குரு: பால் சங்கத்தில் முதலில் என்ன செய்கிறார்கள்?

சீடன்: மானி போட்டு டிகிரி பார்க்கிறார்கள்.

குரு: தண்ணீர் கலந்தால்?

சீடன்: டிகிரி இறங்கிவிடும். பால் அடர்த்தி குறைந்தால் மானி ஆழமாக முங்கும்.

குரு: மானியை ஏமாற்ற ஒரு வழி உண்டு. காலையில் கறந்ததை ஆறவைத்து மேலே படிகிற ஏட்டை வழித்து எடுத்துவிடு. கொழுப்பு லேசானது. அது போனால் மிச்சப் பால் கனத்துவிடும், டிகிரி ஏறிவிடும். இப்போது அளவாகத் தண்ணீர் ஊற்று. ஏறினது இறங்கிச் சரியான இடத்தில் வந்து நிற்கும். மானி 28 என்று காட்டும், சங்கத்துக்காரர் எழுதிக்கொள்வார். ஏடும் போய்த் தண்ணீரும் சேர்ந்த பால், ஏட்டில் மட்டும் நல்ல பால். அதனால்தான் ஃபேட்டையும் தனியாகப் பார்க்கிறார்கள்.

சீடன்: உவமையா ஐயா?

குரு: முதலில் மாட்டுப்பால் சமாசாரம். உவமை என்றும் வைத்துக்கொள். விசுவாசப் பிரமாணத்தை வரி பிசகாமல் சொல்கிறவன், ஒருசந்தி தப்பாதவன், ஞாயிறு பூசை தவறாதவன் என்று எல்லாம் 28 டிகிரி காட்டும். உள்ளே ஏடு இருக்கிறதா என்பதை மானி சொல்லாது. நீ சிலுவையைப் பற்றிப் பேசாமல் விட்டதை நினைத்து வருத்தப்படுகிறாய். நல்லதுதான். ஆனால் அதைவிடப் பெரிய கலப்படம் இந்த நாட்டில் நடந்தது, ஒரு வேதவாக்கியம்கூட மாறாமல் நடந்தது.

சீடன்: தத்துவ போதகரைச் சொல்கிறீர்களா? அவரைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியர், அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், பாதக்குறடு போட்டார், சமஸ்கிருதம் படித்தார். வீரமாமுனிவரும் அப்படித்தான். இதோ ஏலாக்குறிச்சியில் இருந்தவர், புலித்தோல் விரித்துப் பல்லக்கில் போனார் என்கிறார்கள். கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் புடவை கட்டிப் பெரியநாயகி என்று பெயர் வைத்தார். சூசையப்பரை வளன் ஆக்கினார். இதெல்லாம் ஊர் ஏற்றுக்கொள்வதற்காகத் தண்ணீர் ஊற்றினது இல்லையா?

குரு: தேம்பாவணி 3,615 பாட்டு. யூதேயா நாட்டைச் சொல்லும்போது வயலும் வாய்க்காலும் கரும்புமாக நம் காவிரிக்கரையை அங்கே இறக்கிவைத்துவிடுகிறார். அந்தப் பாலைநிலத்துக்குப் போய்வந்தவன் சிரிப்பான். ஆனால் குழந்தை பிறக்கிற இடம் மாட்டுக்கொட்டில்தான். அதை அவர் அரண்மனை ஆக்கவில்லை. காப்பியத் தலைவன் ஒரு தச்சன். மன்னனையும் வீரனையும் பாடிப் பழகின மொழியில் ஒரு தச்சனைத் தலைவனாக வைத்துப் பாட ஒரு நெஞ்சுறுதி வேண்டும். புடவை, காவி, பல்லக்கு எல்லாம் பாத்திரம். பித்தளையில் ஊற்றினாலும் எவர்சில்வரில் ஊற்றினாலும் பால் பால்தான்.

சீடன்: அப்படியானால் தத்துவ போதகரும் குற்றமற்றவர்.

குரு: அவசரப்படாதே. அவர் விட்டுக்கொடுத்தது எல்லாம் யாருடையது? மாமிசம் அவர் விரும்பிச் சாப்பிட்டது. அங்கி அவருடையது. தாய்மொழி அவருடையது. சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதற்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் இன்னொன்றும் விட்டுக்கொடுத்தார். மேல்சாதிக்காரர் நம்மோடு உட்காரவேண்டுமானால் பறையரோடு நாம் உட்காரக்கூடாது என்ற ஊர் நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டார். அது யாருடையது? அவருடையது இல்லையே. அது நம் பாட்டன் பையிலிருந்து எடுத்தது.

சீடன்: அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்று தனி வகைக் குருக்களை 1640 முதல் வைத்தார்களே, ஐயா. கவனிக்காமல் விடவில்லை.

குரு: வைத்தார்கள். நல்ல மனிதர்கள் அதில் இருந்தார்கள். அருளானந்தரே பண்டாரசாமிதான். ஆனால் யோசித்துப் பார். ஒரே தகப்பன் என்று போதித்துவிட்டு அண்ணனுக்கு ஒரு வாத்தியார், தம்பிக்குப் பின்வாசல் வழியாக இன்னொரு வாத்தியார். 1623-இல் உரோமையில் 15-ஆம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி கொடுத்தார். அதே ஆணையில், கீழானவர் என்று யாரையும் இகழவேண்டாம், கோவிலில் அவர்களை ஒதுக்கிவைக்கவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொண்டார். அனுமதி கொடுத்த பகுதியை இங்கே நடைமுறைப்படுத்தினார்கள். மன்றாடின பகுதி அலமாரியில் போயிற்று. 1744-இல் 14-ஆம் ஆசீர்வாதப்பர், சாகக்கிடக்கிற பறையனுக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்க அவன் குடிசைக்குள் குருவானவர் போகத்தான் வேண்டும் என்று கண்டிப்பாக எழுதவேண்டியிருந்தது. ஒரு பாப்பானவர் இப்படி எழுதவேண்டியிருந்தது என்றால் அதுவரை என்ன நடந்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அந்தச் சனங்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கினார்கள்.

சீடன்: அப்படிச் செய்யாவிட்டால் அந்தப் பெரியசாதிக்காரர்கள் வேதத்துக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று வாதிடுவார்கள்.

குரு: வந்திருக்க மாட்டார்கள்தான். அதை மறுக்கவில்லை. பாலில் தண்ணீர் ஊற்றினால் இரண்டு லிட்டர் மூன்று லிட்டர் ஆகும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

சீடன்: சின்னப்பரும் யூதருக்கு யூதனாகவும் மற்றவர்க்கு மற்றவராகவும் ஆனேன் என்கிறாரே?

குரு: சொல்கிறார். அதே சின்னப்பர் அந்தியோக்கியாவில் என்ன செய்தார்? இராயப்பர் அங்கே புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பெரிய மனிதர்கள் வந்து இறங்கினார்கள். இராயப்பர் மெல்லப் பந்தியை விட்டு எழுந்துவிட்டார். போதனை எதையும் மாற்றவில்லை, கவனி. பிரசங்கத்தில் ஒரு சொல் பிசகவில்லை. இலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டார். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டார். திருச்சபையின் தலைவரையே கேட்டார். நம் ஊரில் பந்தியில் இலை தள்ளிப்போட்டால் என்ன பொருள் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அந்த அதிகாரத்தை ஐரோப்பாக்காரன் படித்தால் பழைய யூத விவகாரம். பெரம்பலூர் மாவட்டத்தில் படித்தால் நேற்று நடந்தது.

சீடன்: அப்படியானால் விட்டுக்கொடுப்பது சரியா தவறா என்பதை எப்படி அறிவது?

குரு: யார் செலவில் என்று கேள். நான் கண்ட மானி அது ஒன்றுதான். உன் வசதியை, உன் பெருமையை, உன் பாஷையைக் கொடுக்கிறாயா, கொடு. உன்னைவிட எளியவன் ஒருவனுக்கு ஆண்டவர் கொடுத்த இடத்தை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்துச் சமாதானம் வாங்குகிறாயா, நீ ஏட்டை வழித்துவிட்டாய்.

சீடன்: பிரிவினைச் சபைக்காரர்கள் இதில் கண்டிப்பாக இருந்தார்களே?

குரு: கடைசியில் இருந்தார்கள், ஆரம்பத்தில் இல்லை. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலிருந்தே கோவிலுக்குள் வெள்ளாளர் ஒருபக்கம், பறையர் ஒருபக்கம். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். சாதியைச் சபைக்குள் முற்றாக, உடனே, ஒரேயடியாக விடவேண்டும் என்று. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கொஞ்சநாளில் லைப்சிக் மிஷன் வந்து, சாதி விஷயத்தில் இவ்வளவு கடுமை வேண்டாம் என்றது. வெளியேறினவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். எந்தக் கடையில் எந்தப் பால் விற்கிறது என்று சனங்களுக்குத் தெரியும்.

சீடன்: வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தாரே. பெத்லகேம் குறவஞ்சி பாடினவர்.

குரு: (நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு) அது எனக்கு ஆறாத வருத்தம். நாங்கள் கத்தோலிக்கர், அவர் சுவிசேஷத் திருச்சபைக்காரர். ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவனாகப் பிறந்த எவனுக்கும் அவர் சொந்தக்காரர். 1774-இல் பிறந்து 1864 வரை இருந்தவர், சாகிறவரை பாடினவர். ஆண்டவரை அவர் போல நேசித்தவர்கள் குறைவு. அந்த மனிதர், புதிதாக வந்த மிஷனரிகள் சாதி வித்தியாசமில்லாமல் ஒன்றாக உட்காரச் சொன்னபோது கூடாது என்று எழுதினார், 1829-இல் சபை வேலையை இழந்தார். தன் விசுவாசத்தைத் தண்ணீர் கலக்காமல் காப்பாற்றுவதாகவே அவர் நினைத்தார் தம்பி! கொள்கைக்காக வேலையைக் கொடுத்தோம் என்றுதான் நினைத்தார். உறுதி என்பது தன்னளவில் ஒரு நற்குணம் இல்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர் வாழ்க்கைதான்.

சீடன்: நம் பக்கம்?

குரு: நம் பக்கம் சுத்தம் என்று சொல்ல வாய் வரவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் கோவிலே கட்டினார்கள், நடுவில் சுவர் வைத்து. பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். 1910-இல் சுவரை இடித்தார்கள். மேல்சாதிக்காரர் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். கல்லறையில் சுவர் இன்றும் நிற்கிற இடங்கள் உண்டு. 2016-இல் ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில், இந்தியக் கத்தோலிக்கர் ஒரு கோடியே 90 லட்சம் பேரில் ஒரு கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று தானே எழுதியது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பெரும்பான்மைப் பேருக்குச் சபையில் தலைமை எவ்வளவு என்று அடுத்த வரியை நீயே கேட்டுக்கொள்.

சீடன்: ஒன்று கேட்கவேண்டும், கோபப்படக்கூடாது. அருளானந்தர். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுப்பட்டவர். தடியத்தேவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள் என்று சொன்னார். கொஞ்சம் வளைந்துகொடுத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார். வளையவில்லை என்பதற்காகத்தான் அவரைக் கொண்டாடுகிறோம். ஆனால் உங்கள் மானியை வைத்துக் கேட்கிறேன். யார் செலவில்? அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள் செலவில் இல்லையா?

குரு: (சிரிக்காமல்) நீ மட்டியுமில்லை, மடையனுமில்லை.

சீடன்: பதில்?

குரு: முழுப் பதில் என்னிடம் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுக்காரி, அவள் போய் முறையிட்டதால்தான் விவகாரமே வந்தது. நம் சரித்திரப் புத்தகங்கள் அவளைக் கெட்டவளாக்கிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகின்றன. அவள் நிலையில் நின்று பார்த்தால், முந்தாநாள்வரை மனைவி, இன்று ஒரு சாமியார் சொல்லுக்காக இல்லை. நாற்பது வருஷம் அருளானந்தர் திருநாளுக்கு நவநாள் சொல்லியிருக்கிறேன். அவளுக்காக ஒரு பரலோகமந்திரம் சொன்னதில்லை. சட்டம் சரி என்று நம்புகிறேன், ஒரு பெண்ணைப் பலரில் ஒருத்தியாக வைப்பது தவறு என்றும் நம்புகிறேன். ஆனால் சரியான சட்டத்தின் பாரத்தையும் பலவீனமானவள்தான் முதலில் சுமக்கிறாள். ஒன்று மட்டும் சொல்லலாம். அருளானந்தர் அவர்களிடம் மட்டும் செலவு கேட்கவில்லை, தன் கழுத்தையும் வைத்தார். மேடையில் உறுதி பேசிவிட்டுக் காரில் ஏறிப் போகிறவர்களிடமிருந்து அது வேறு. வேறு என்றுதான் சொன்னேன், போதும் என்று சொல்லவில்லை.

(மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. அன்று இதுவரை பேசியதெல்லாம் நான் சுற்றிவளைத்தது. கேட்க வந்தது வேறு. சட்டைப் பையில் இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.)

குரு: சாதிச் சான்றிதழ். இந்து ஆதிதிராவிடர்.

சீடன்: தேர்வாணைய விண்ணப்பம் போடவேண்டும். என் தாத்தா காலத்திலிருந்து கோவிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. சான்றிதழில் மட்டும் இந்து. உண்மையை எழுதினால் பட்டியல் சாதியிலிருந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவேன். அம்மா சின்ன வெங்காயத்துக்குக் களையெடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். நீங்கள் சொன்ன நல்லிணக்கக் கூட்டத்துப் பயம் இது இல்லை ஐயா. அங்கே கைதட்டல்தான் போகும். இங்கே வேலை போகும்.

குரு: 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை. மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார். 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நம்மையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. வேதத்துக்கு வந்தால் சாதி போய்விடும் என்று அரசாங்கம் நம்புகிறது. அரசாங்கத்துக்கு நம்மேல் எவ்வளவு விசுவாசம் பார்! நம் சபைக்கே அந்த விசுவாசம் இல்லை. டீக்கடைக்கும் இல்லை.

சீடன்: 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோவிலுக்குப் போய்க்கொண்டே, உள்ளபடி நம்பாமல், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று. படித்தபோது எனக்கு நேராகச் சொன்ன மாதிரி இருந்தது. நீங்கள் உயிர்த்தெழுந்ததை மறைக்காதே என்கிறீர்கள். நீதிமன்றமும் மறைக்காதே என்கிறது. இரண்டு பக்கமும் உண்மைதான் கேட்கிறார்கள். சோறு மட்டும் யாரும் சொல்லவில்லை.

குரு: சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டு மத்திய அரசுக்கு அனுப்பினார்கள், நம்மையும் சேர்க்கச் சொல்லி. பத்தி மாறவில்லை. சரி, என்னிடம் என்ன கேட்கிறாய்?

சீடன்: எதை எழுதட்டும்?

குரு: சொல்ல மாட்டேன்.

சீடன்: ஐயா, இவ்வளவு நேரம் நீங்கள்...

குரு: இவ்வளவு நேரம் யார் செலவில் என்று கேட்கச் சொன்னேன் இல்லையா? என்னையே கேட்டுக்கொள்கிறேன். உண்மையை எழுது, வேலை போனால் போகட்டும், அதுதான் சிலுவை என்று நான் சொன்னால் அது உன் செலவில், உன் அம்மா முதுகுச் செலவில் நான் காட்டுகிற உறுதி. எனக்கு ஒரு பைசா போகாது. பிரசங்கத் தொட்டியில் நின்று இதைச் சொல்கிறவர்களுக்கும் போகாது. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மைக்குக் கல்வி நிறுவனம் நடத்த உரிமை கொடுத்திருக்கிறது. சபைக்குப் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. கிறிஸ்தவன் என்று உண்மையை எழுதி வேலை இழந்த ஆதிதிராவிடப் பையனுக்கு நாற்காலி தயாராக வைத்திருக்கிறோம் என்று சபை சொல்லட்டும், அதற்குப் பிறகு நான் உனக்கு உபதேசம் சொல்கிறேன்.

சீடன்: அப்படியானால் இந்து என்று எழுதுவது தவறில்லை என்கிறீர்களா?

குரு: அதையும் சொல்ல மாட்டேன். பசியில் பாலில் தண்ணீர் ஊற்றினவனையும் பங்களா கட்ட ஊற்றினவனையும் ஒரே தராசில் நிறுக்க என்னால் முடியாது. ஆனால் இரண்டிலும் ஊற்றினது தண்ணீர் என்பதை மறைக்கவும் முடியாது. உன்னைத் தண்ணீர் ஊற்றச் செய்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால் அதில் உன் பெயர் கடைசியில்தான் வரும். என்றாலும் வரும்.

சீடன்: உங்கள் மகள் பள்ளிக்கூட வேலையில் இருக்கிறார்களே. அவர்கள் சான்றிதழில்...

குரு: இந்து. நானே கூட்டிக்கொண்டு போய் வாங்கிக்கொடுத்தேன். அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை வாசகம் நான்தான் வாசித்தேன், குரல்கூட நடுங்கவில்லை. வேலை கிடைத்தது, வீடு கட்டினாள், பேரப்பிள்ளைகள் நன்றாகப் படிக்கின்றன. அவள் வீட்டுக்குப் போனால் ஒன்றுதான். மாதா படம் பீரோவுக்குள் துணிக்கடியில் இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது வீட்டுக்கு வருவார்களாம். அவள் பிள்ளைகள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, இது யார் தாத்தா என்று என்னைக் கேட்டார்கள்.

சீடன்: என்ன சொன்னீர்கள்?

குரு: சொன்னேன். பிள்ளைகளிடம் ஒன்றையும் குறைக்கவில்லை. மாட்டுக்கொட்டிலிலிருந்து மூன்றாம் நாள்வரை சொன்னேன். அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. வா, நேரமாகிறது. வாளியைத் தூக்கு.

சங்கத்தில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் முறை வந்தபோது டிகிரி 28, ஃபேட் 4. சான்றிதழை மடித்துத் திரும்பப் பையில் வைத்திருந்தேன். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை.